இரண்டு தண்ணீருக்கு நடுவே: காட்டுப்பள்ளித் தீவு, ஒரு நிகழ்வு ஆய்வு

சென்னையில் தீவு எங்கே இருக்கிறது என்று கேட்டால், பொருட்காட்சி போடும் தீவுத்திடலைத்தான் முதலில் சொல்வார்கள். ஆனால் மக்கள் குடியிருந்து, வலை போட்டு, புயல் எச்சரிக்கைக் கூண்டைப் பார்த்து வாழ்கிற தீவு ஒன்று எண்ணூருக்கு வடக்கே இருக்கிறது. பெயர் காட்டுப்பள்ளி. கிழக்கே வங்கக்கடல். மேற்கே பக்கிங்காம் கால்வாயும், கொசஸ்தலையாறு கடலோடு கலக்கும் உப்பங்கழியும். தெற்கே எண்ணூர் முகத்துவாரம், வடக்கே பழவேற்காட்டு முகத்துவாரம். இந்த இரண்டு வாய்களுக்கும் நடுவே நீளவாக்கில் கிடக்கிற மணல் திட்டு அது. பாலமும் அகலச் சாலையும் வந்துவிட்டதால், கன்டெய்னர் லாரியில் போகிறவருக்குத் தீவுக்குள் நுழைந்ததே தெரியாது. ஆவணத்தில் அது திருவள்ளூர் மாவட்டம், பொன்னேரி வட்டம். பேச்சு வழக்கில் வடசென்னைதான். அதன் புகை, சாம்பல், வெள்ளம் எல்லாம் நம் பக்கத்தோடு பங்கு போட்டுக்கொண்டவை.

காலநிலை மாற்றமும் தீவுகளும் என்று ஆரம்பித்தாலே பேச்சு துவாலு, கிரிபாட்டி, மாலத்தீவு என்று கடல் தாண்டிப் போய்விடுகிறது. அங்கே நிலைமை அப்படி. துவாலு 2023 நவம்பரில் ஆஸ்திரேலியாவோடு ஒப்பந்தமே போட்டுக்கொண்டது. ஆண்டுக்கு 280 பேர் அங்கே போய் வாழலாம். பவளத்திட்டுத் தீவும் ஆற்று முகத்துவாரத்து மணல் தீவும் மண்ணியல்படி வேறு வேறுதான். ஆனால் உயரும் கடல், கனக்கும் மழை, உப்பேறும் கிணறு, இடம்பெயரச் சொல்லும் அரசாணை ஆகிய நான்கும் இங்கேயும் உண்டு. கூடவே அனல்மின் நிலையம், துறைமுகம், நிலக்கரிக் கன்வேயர், சாம்பல் குட்டை என்று அந்தத் தீவுகளில் இல்லாத ஒரு பட்டியலும் உண்டு.

இந்த ஆய்வு தேடுவது ஒன்றைத்தான்: இத்தனை புயலையும் பார்த்த இந்த மக்களை இதுவரை தாங்கியது எது, அது இப்போது எந்த நிலையில் இருக்கிறது? பதிலை முதலிலேயே சொல்லிவிடலாம். கடல் ஒன்று, கழி ஒன்று என்று இரண்டு தண்ணீர் இருந்ததுதான் அவர்களுடைய காப்பு. ஒன்று கைவிட்டால் இன்னொன்று சோறு போடும். கழி கெட்டுக்கொண்டே வந்திருப்பதால், புயலின் பலம் கூடாமலே அதன் அடி கூடிவிட்டது. பலமும் கூடினால் என்ன ஆகும் என்பது 2023 டிசம்பரில் தெரிந்தது.

மணல் நடக்கும் கரை

இந்தத் தீவு ஓரிடத்தில் நிற்கும் பொருள் அல்ல. நம் கரையோரம் மணல் ஓயாமல் நடந்துகொண்டிருக்கிறது. தென்மேற்குப் பருவத்து அலை அதை வடக்கே தள்ளும். வடகிழக்குப் பருவத்து அலை தெற்கே தள்ளும். வருடக் கணக்கை முடித்துப் பார்த்தால் வடக்கே போனதுதான் அதிகம். குறுக்கே எதையாவது கட்டினால் தெற்குப் பக்கம் மணல் சேரும், வடக்குப் பக்கம் கரை கரையும். வடசென்னைக்காரருக்கு இதைப் பாடமாக நடத்த வேண்டியதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் சென்னைத் துறைமுகத்துக்கு அலைத்தடுப்புச் சுவர் கட்டினார்கள். தெற்கே மெரினா அகலமானது. வடக்கே ராயபுரம் முதல் திருவொற்றியூர் வரை தெருக்களும் கோயில்களும் கடலுக்குள் போயின. அவர்களுக்குச் சுண்டல் சாப்பிட மணல், நமக்குக் கருங்கல் குவியல். இந்தக் கணக்கு இன்னும் நேராகவில்லை.

அதே கதை அப்புறம் வடக்கே நகர்ந்தது. எண்ணூர்த் துறைமுகம் 2001இல் இயங்கத் தொடங்கியது. இன்று அதன் பெயர் காமராஜர் துறைமுகம். அதை ஒட்டி வடக்கே 2013இல் காட்டுப்பள்ளித் துறைமுகம் வந்தது. இரண்டும் கடலுக்குள் நீளும் கல் சுவர்கள். அவற்றுக்கு வடக்கே, தீவின் மீதியுள்ள கரையில், கோரைக்குப்பம் பக்கம் வரை மீனவர்கள் கரை தேய்வதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். வலை காயப்போட இருந்த மணல் பரப்பு போய், படகை இழுத்து வைக்க இடம் தேட வேண்டியிருக்கிறது. மாநிலம் முழுக்க எடுத்துக்கொண்டாலும் நிலைமை மோசம். தேசியக் கடற்கரை ஆய்வு மையத்தின் கணக்குப்படி 1990 முதல் 2018 வரையிலான காலத்தில் தமிழ்நாட்டுக் கரையில் 42.7 விழுக்காடு அரிப்புக்கு ஆளாகியிருக்கிறது.

கடல் மட்டம் உயர்வதற்கு இதில் என்ன பங்கு? உலக சராசரி 1901க்கும் 2018க்கும் இடையில் சுமார் 20 செ.மீ. உயர்ந்தது. 2006 முதல் 2018 வரை வருடத்துக்கு 3.7 மி.மீ. வேகம். சென்னைக்கு மட்டும் பார்த்தால், பெங்களூரைச் சேர்ந்த ஓர் ஆய்வு நிறுவனம் 2024இல் வெளியிட்ட கணக்கில் 1987 முதல் 2021 வரை உயர்ந்தது 0.679 செ.மீ. அதே காலத்தில் மும்பையில் 4.44 செ.மீ. ஆனால் 2022இல் மாநகராட்சி வெளியிட்ட காலநிலைச் செயல்திட்ட வரைவு, அடுத்த ஐந்து ஆண்டுகளில் கடல் 7 செ.மீ. உயர்ந்து கரையில் 100 மீட்டர் முழுகும் அபாயம் இருக்கிறது என்றது. செய்தித்தாள்கள் அதைத்தான் தலைப்பாகப் போட்டன. உலக சராசரி வேகத்தில் போனாலே ஐந்து வருடத்துக்கு 2 செ.மீ.கூட வராது.

கடல் உயரவில்லை என்று சொல்ல வரவில்லை. உயர்கிறது, இனியும் உயரும். இந்த நூற்றாண்டின் பின்பாதியில் இந்தத் தீவுக்குப் பெரிய கேள்வி அதுவாகத்தான் இருக்கும். ஆனால் இன்றைக்குக் கோரைக்குப்பத்துக்காரர் கரையை இழப்பது சில மில்லிமீட்டரால் அல்ல, குறுக்கே நிற்கும் கல்லால். எல்லாவற்றையும் காலநிலை என்ற தலைப்பின் கீழ் எழுதிவிட்டால், கல் போட்டவர் கேள்வியிலிருந்து தப்பித்துவிடுவார். என்னுடைய மனக்குறை இதுதான். உயரும் கடலைத் தாங்க ஒரு மணல் தீவுக்கு முதலில் வேண்டியது மணல். அந்த மணல் வருவதை நிறுத்தியது நாம்.

ஆறு கொடுத்த சோறு

எண்ணூர் குப்பங்களில் கழியை யாரும் கழி என்று சொல்வது குறைவு; ஆறு என்பார்கள். காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், சிவன்படைவீதிக் குப்பம் ஆகியவை ஆற்றை நம்பிய ஊர்கள். நெட்டுக்குப்பம், தாழங்குப்பம், பெரியகுப்பம், சின்னகுப்பம் எல்லாம் கடலைப் பார்த்த ஊர்கள். ஆனால் கோடு அவ்வளவு தெளிவாக இருந்ததில்லை. கடல் கொந்தளித்தால் கடல்காரரும் ஆற்றில் இறங்குவார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு 61 நாள் தடை. அப்போதும் ஆறு திறந்தே இருக்கும். வடகிழக்குப் பருவத்தில் வாடைக்காற்று அடித்துப் படகு இறக்க முடியாத வாரங்களில்தான் மழைத்தண்ணீர் இறங்கி ஆற்றில் இறால் ஓடும். ஒன்று மூடும்போது இன்னொன்று திறக்கும்படியான அந்த ஏற்பாட்டை யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை.

இறால், நண்டு, மடவை, கொடுவா, மட்டி என்று ஆறு கொடுத்த பட்டியல் நீளம். இதில் கையால் இறால் பிடிப்பதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். இருளர் குடும்பங்களில் ஆணும் பெண்ணும் செய்கிற வேலை இது. படகும் இல்லை, வலையும் இல்லை. ஓலைப் பறி என்ற கூடையின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடுப்பளவோ கழுத்தளவோ தண்ணீரில் குந்தி நகர்வார்கள். இரண்டு கையும் அடிச்சேற்றைத் துழாவிக்கொண்டே போகும். சேற்றுக்குள் பதுங்கியிருக்கும் இறால் விரலில் தட்டியதும், துள்ளுவதற்குள் அமுக்கிப் பறிக்குள் போட வேண்டும். கண்ணுக்கு இதில் வேலை இல்லை. சேறு மெத்தென்று இருந்தால்தான் தொழில்.

அந்தச் சேற்றுக்குத்தான் முதல் அடி. வடசென்னை அனல்மின் நிலையம் 1990களின் நடுவில் வந்தது. பின்னால் வல்லூரில் 1,500 மெகாவாட்டுக்கு இன்னொன்று. நிலக்கரி எரித்த சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியே சாம்பல் குட்டைக்கு அனுப்புகிறார்கள். குழாய் உடைந்து உடைந்து அந்தக் குழம்பு வருடக் கணக்கில் ஆற்றில் ஓடியது. சாம்பல் படிந்து காய்ந்தால் சிமென்ட் தரை மாதிரி இறுகிவிடும். அதில் இறால் எங்கே பதுங்கும், கை எங்கே நுழையும்? குளிர்விக்கப் பயன்படுத்திய வெந்நீரும் அதே ஆற்றில்தான் விழுகிறது. சேப்பாக்கம் என்ற ஊர் சாம்பல் குட்டைக்குப் பக்கத்திலேயே மாட்டிக்கொண்டது. கிரிக்கெட் சேப்பாக்கம் இல்லை, இது வேறு சேப்பாக்கம். இதற்கு நேரலை ஒளிபரப்பு கிடையாது.

இரண்டாவது அடி கடல் வழியாக வந்தது. தென்னமெரிக்கக் கரையைச் சேர்ந்த ஒரு சிப்பி இனம், கப்பல்கள் சமநிலைக்கு ஏற்றிவந்து கொட்டுகிற தண்ணீரோடு உலகத் துறைமுகங்களில் பரவிக்கொண்டிருக்கிறது. எண்ணூர் ஆற்றில் அது வந்து பரவியதும் மீனவர்கள் காக்கா ஆழி என்று பெயர் வைத்தார்கள். கறுப்பாக, சின்னதாக, நூல் நூலாக விட்டு ஒன்றோடொன்று பிணைந்து அடித்தரை முழுக்கப் பாய் விரித்ததுபோல் படர்ந்துவிடும். அதன்மேல் கால் வைத்தால் கிழிக்கும். அடியில் இருக்கும் மஞ்சள் மட்டி மூச்சு முட்டிச் சாகும். இறாலுக்கும் சேறு எட்டாது. உப்பு கூடினாலும் குறைந்தாலும் தாக்குப்பிடிக்கும் இனம் என்பதால், வெள்ளம் வந்து அடித்துக்கொண்டு போய்விடும் என்ற நம்பிக்கையும் வீணானது. பசுமைத் தீர்ப்பாயம் வரை வழக்கு போயிருக்கிறது.

மூன்றாவது அடிதான் எல்லாவற்றிலும் பெரியது. ஆனால் வெளியே தெரியாதது. ஆற்றின் பரப்பையே தூர்த்து வந்திருக்கிறார்கள். உப்பளம், சேற்றுத்திட்டு, அலையாத்திக்காடு இருந்த இடங்களில் மண் கொட்டிச் சரக்குக் கிடங்கும் நிலக்கரி மேடையும் சாலையும் வந்தன. பக்கிங்காம் கால்வாய்க்கும் ஆற்றுக்கும் குறுக்கே குழாய்களும் கன்வேயரும் ஓடுகின்றன. அதைப் போடும்போது தற்காலிகமாகக் கொட்டிய மண் நிரந்தரமாகிவிட்டது. 1996இல் மத்திய அரசு ஒப்புக்கொண்ட கடலோர வரைபடத்தில் இந்தக் கழிப் பகுதியில் 6,469 ஏக்கர் கட்டுமானத்துக்கு இடமில்லாத நிலமாகக் குறிக்கப்பட்டிருந்தது. பின்னால் அரசுக் கையில் இருந்த இன்னொரு வரைபடத்தில் அந்தக் கழியே காணாமல் போயிருந்தது. ஊர்க்காரர்கள் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் இரண்டையும் வாங்கிப் பக்கத்தில் வைத்துக் காட்டிய பிறகுதான் விஷயம் வெளியே வந்தது.

தூர்ப்பதால் ஆற்றின் அகலம் குறைவதோடு முகத்துவாரமும் அடைபடுகிறது. இது எப்படி? ஏற்றத்தில் கடல்நீர் கழிக்குள் ஏறுகிறது; வற்றத்தில் அவ்வளவும் இறங்குகிறது. இந்தப் போக்குவரத்தின் வேகம்தான் வாயில் சேரும் மணலைத் தள்ளி வாயைத் திறந்து வைக்கிறது. கழியின் பரப்பு சுருங்கினால் ஏறி இறங்கும் தண்ணீரும் குறையும், வேகமும் குறையும், மணல் படிந்து வாய் சுருங்கும். அப்புறம் பொக்லைன் கொண்டுவந்து தோண்ட வேண்டியதுதான். தோண்டிய மணல் அடுத்த பருவத்தில் திரும்ப வந்துவிடும். வடக்கே பழவேற்காட்டிலும் இதே வாய் அடைப்புத் தொல்லை. கடலுக்குப் போக வழியில்லாமல் படகுகள் ஏரிக்குள் நிற்கும் மாதங்கள் அங்கே சகஜம்.

2023 டிசம்பர்

மிக்ஜாம் புயல் சென்னையில் கரை கடக்கவே இல்லை. டிசம்பர் 5 அன்று ஆந்திராவில் பாபட்லாவுக்குப் பக்கத்தில்தான் கடந்தது. ஆனால் அதற்கு முந்தைய இரண்டு நாளும் நம் கரையை ஒட்டியே மெதுவாக நகர்ந்து மழையைக் கொட்டித் தீர்த்தது. நகரத்தின் பல இடங்களில் அந்த இரண்டு நாளில் 40 செ.மீ.க்கு மேல். காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 விழுக்காடு கூடுதல் ஈரத்தைத் தாங்கும் என்பது பழைய இயற்பியல். சூடான வங்கக்கடல் மேல் நிற்கும் புயல் ஏன் இப்படிப் பொழிகிறது என்பதற்கு அடிப்படை விளக்கம் அதுதான்.

இனி அந்தத் தண்ணீர் போன வழி. 136 கி.மீ. நீளக் கொசஸ்தலையாறு பூண்டி நீர்த்தேக்கத்தின் உபரியையும் வழியில் சேரும் ஏரிகளின் உபரியையும் கொண்டுவருகிறது. புழல் ஏரியின் உபரிக் கால்வாய் சடையங்குப்பம் பக்கம் வந்து அதோடு சேர்கிறது. தெற்கிலிருந்து பக்கிங்காம் கால்வாய் மணலி, எர்ணாவூர்ப் பக்கத்துத் தண்ணீரைக் கொண்டுவருகிறது. மூன்றும் கூடுகிற இடம் எண்ணூர். வெளியே போக இருப்பது அந்த ஒற்றை வாய். அந்த வாய்க்கு வெளியே புயல் கிளப்பிய கடல் எதிர்த்துத் தள்ளிக்கொண்டு நிற்கிறது. தண்ணீர் பரவி நிற்க முன்பு சேற்றுத்திட்டும் உப்பளமும் இருந்தன. அவை மேடாகிவிட்டதால் மிச்சமிருந்த பள்ளத்துக்கு, அதாவது வீடுகளுக்கு வந்தது.

தண்ணீர் மட்டுமாக வந்திருந்தால் குப்பங்கள் சமாளித்திருக்கும். 2015 வெள்ளத்தையும் அவர்கள் பார்த்தவர்கள். இந்த முறை மணலியின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு வளாகத்திலிருந்து வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து, பக்கிங்காம் கால்வாய் வழியே ஆற்றுக்கு வந்தது. தண்ணீர் வடிந்த வீடுகளில் சுவரில் எந்த உயரம் வரை நின்றதோ அந்த உயரத்துக்குக் கறுப்புக் கோடு. துணி, பாய், பிள்ளைகளின் புத்தகம் எல்லாம் பிசுபிசுப்பு. ஆற்றில் கிடந்த வலைகள் தார் பூசியதுபோல் ஆயின. வலையைக் கழுவலாம் என்பது கேட்க நன்றாக இருக்கும். எண்ணெய் ஏறிய நைலான் வலை பழையபடி ஆகாது. கூழைக்கடாக்கள் இறகெல்லாம் எண்ணெயோடு நின்றன. முதலில் சுத்தம் செய்ய இறங்கியவர்களும் குப்பத்துக்காரர்களே, வாளியோடும் சாக்கோடும். 2017 ஜனவரியில் எண்ணூருக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோதும் வாளிதான் கருவி. ஏறக்குறைய ஏழு வருடத்தில் நாம் முன்னேறிய தூரம் அவ்வளவுதான். 2023 டிசம்பர் 26ஆம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பத்தில் ஓர் ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, மக்கள் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடினார்கள்.

நிவாரணக் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். எண்ணெயால் பாதிக்கப்பட்ட 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா ரூ.12,500. 787 படகுகளைச் சரிசெய்யத் தலா ரூ.10,000. வீடு பாதிக்கப்பட்ட 6,700 குடும்பங்களுக்குத் தலா ரூ.7,500. மொத்தம் ரூ.8.68 கோடி. கொடுத்ததைக் குறை சொல்லவில்லை, வேகமாகத்தான் அறிவித்தார்கள். ஆனால் தலைப்புகளைப் பாருங்கள். மீனவர் என்று ஒரு தலைப்பு, படகு என்று ஒன்று, வீடு என்று ஒன்று. கையால் இறால் பிடிக்கிறவர் இதில் எங்கே வருகிறார்? படகு கிடையாது, வீடு தண்ணீர் ஏறாத மேட்டில் இருந்திருக்கலாம். எண்ணெய்ச் சேற்றில் கழுத்தளவு இறங்க முடியாமல் போன மாதங்களுக்கு எந்தத் தலைப்பும் இல்லை. ஒரு மாதமா இரண்டு மாதமா என்பது இன்னொரு கேள்வி. மேலே மிதக்கும் எண்ணெயை அள்ளிவிடலாம். சேற்றுக்குள் இறங்கியதை அள்ள முடியாது. நான் சொன்ன அந்த இரண்டு தண்ணீரில் ஒன்று அந்தப் பருவம் முழுக்கவே மூடிவிட்டது, அதுவும் கடல் மூடியிருந்த அதே வாரங்களில்.

கிணறு

இது சின்ன விஷயம் போலத் தோன்றும், ஆனால் தீவு என்றாலே முதல் கேள்வி குடிதண்ணீர்தான். மணல் தீவில் மழைத்தண்ணீர் கீழே இறங்கி, உப்புத்தண்ணீர் மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நல்ல தண்ணீர் நின்றால், கீழே சுமார் 40 மீட்டர் ஆழத்துக்கு நல்ல தண்ணீர் இருக்கும் என்பது ஏட்டுக் கணக்கு. திருப்பிப் போட்டால் பயமாக இருக்கும்: மேலே கொஞ்சம் இறங்கினாலே கீழே உப்பு நாற்பது பங்கு ஏறிவிடும். மணல்மேட்டை வெட்டி எடுத்தாலும், கடல் கொஞ்சம் உள்ளே வந்தாலும், ஆழ்துளை போட்டு உறிஞ்சினாலும் முடிவு ஒன்றுதான். மாலத்தீவுக்காரரும் லட்சத்தீவுக்காரரும் பேசுவது இதே பிரச்சினையைத்தான். பக்கத்தில் மீஞ்சூர் நிலத்தடியில் 1960களிலிருந்தே கடல்நீர் ஏறிவருகிறது. நகரத்துக்கும் ஆலைகளுக்கும் வயலுக்கும் சேர்த்து இறைத்ததன் விலை அது. அதே காட்டுப்பள்ளியில்தான் 2010இல் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை திறக்கப்பட்டது. சென்னையின் முதல் பெரிய ஆலை. தீவுக் கரையில் எடுத்த நல்ல தண்ணீர் குழாயில் ஏறித் தெற்கே நகரத்துக்குப் போகிறது.

போய்விடுங்கள் என்று சொல்வது

2024 ஜூனில் பனாமா நாட்டின் கார்டி சுக்டுப் என்ற குட்டித் தீவிலிருந்து குணா பழங்குடியினர் சுமார் 300 குடும்பங்கள் நிலப்பகுதிக்குக் குடிமாறினார்கள். கடல் ஏறுவதால் மாறியவர்கள் என்று உலகம் முழுக்கச் செய்தி. காட்டுப்பள்ளிக் குப்பமும் குடிமாறிய ஊர்தான், அதுவும் அதற்குப் பல வருடம் முன்பே. காரணம் கடல் அல்ல. கப்பல் கட்டும் தளமும் துறைமுகமும். வீடும் வேலையும் தருவதாகச் சொல்லித்தான் எழுப்பினார்கள். நிரந்தர வேலை கேட்டு அவர்கள் போராட வேண்டிவந்தது பின்கதை. சுனாமிக்குப் பிறகு எர்ணாவூரிலும் தண்டையார்பேட்டையிலும் அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் போனவர்களிடம் கேட்டால் இன்னொரு பாடம் கிடைக்கும். மூன்றாம் மாடியிலிருந்து படகையும் பார்க்க முடியாது, காற்றின் போக்கையும் பார்க்க முடியாது. வலை வைக்க இடமில்லை. கடலோரத்தை விட்டு விலகினால் உயிர் பத்திரம், தொழில் பத்திரமில்லை. குடிமாற்றமே தவறு என்று இதைப் படிக்கக் கூடாது. சில குப்பங்களுக்கு அது தேவைப்படும் காலம் வரும். ஆனால் துறைமுகத்துக்காக ஒருமுறை எழுப்பப்பட்டவர்களிடம், காலநிலைக்காக இன்னொருமுறை எழுந்திருங்கள் என்று சொல்லப்போகிறவர் முதல் முறையின் கணக்கை முடித்துவிட்டு வர வேண்டும்.

தாங்கும் பலம் எங்கே இருக்கிறது

ஊரின் பலத்தில் ஒன்று, யாரும் தாளில் எழுதித் தராத ஏற்பாடுகள். பழவேற்காட்டில் பாடு என்று ஒரு முறை இருக்கிறது. ஏரியில் நல்ல மீன்பிடி இடங்களை ஊர்கள் தங்களுக்குள் முறை வைத்துப் பிரித்துக்கொள்கின்றன. இன்று உனக்கு, நாளை எனக்கு. கோட்டைக்குப்பம், நடூர்க்குப்பம், ஆண்டிக்குப்பம் மூன்றும் இதில் தலைமுறை தலைமுறையாகப் பங்காளிகள். மீன் குறையும் காலத்தில் அடிதடி இல்லாமல் எல்லார் வீட்டிலும் அடுப்பெரிய இது உதவியிருக்கிறது. ஆனால் இதைத் தலையில் தூக்கி வைத்து ஆடவும் முடியாது. பங்கு சாதிவழி வருவது. இருளருக்கும் பின்னால் தொழிலுக்கு வந்தவர்களுக்கும் அதில் இடமில்லை. ஏரி சுருங்கச் சுருங்க வெளியே நிற்பவர்கள் கூடுகிறார்கள். ஊர்க் கட்டுப்பாட்டைப் புகழ்ந்து எழுதும் அறிக்கைகள் இந்த இடத்தில் மட்டும் மெதுவாக நடையைக் கட்டிவிடும்.

அரசின் பக்கம் பணம் வராமல் இல்லை. உலக வங்கி உதவியோடு தமிழ்நாடு நெய்தல் மீட்சி இயக்கம் ரூ.1,675 கோடிக்கு அறிவிக்கப்பட்டிருக்கிறது. அலையாத்தி நடுவது, கடற்புல் மீட்பது எல்லாம் அதில் உண்டு. அலையாத்தி நட்டால் நல்லதுதான். ஆனால் சாம்பல் இறுகிய தரையில் நட்ட கன்று பிழைப்பது சிரமம். ஏற்றத் தண்ணீர் வந்துபோக வழியிருந்தால்தான் அது காடாகும். கொசஸ்தலையாற்று வடிநிலத்தில் ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனில் ரூ.3,220 கோடிக்கு, 769 கி.மீ. நீளத்துக்கு மழைநீர் வடிகால் கட்டும் வேலை நடந்தது. திருவொற்றியூர், மணலி, மாதவரம் தெருக்களுக்கு அது வேண்டியதே. முழங்கால் தண்ணீரில் நின்ற யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் அந்த 769 கி.மீ. வடிகாலும் தண்ணீரை முன்பைவிட வேகமாகக் கொண்டுவந்து சேர்க்கும் இடம் அதே கழி, அதே வாய். மேலே குழாயைப் பெரிதாக்கிவிட்டுக் கீழே தொட்டியைச் சின்னதாக்கினால் தண்ணீர் யார் வீட்டில் நிற்கும் என்பதற்கு ஆய்வறிக்கை தேவையில்லை.

இதற்கு நடுவில்தான் காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத் திட்டம். இப்போதுள்ள 330 ஏக்கரை 6,110 ஏக்கராக்குவது என்பது முன்மொழிவு. அதில் ஏறக்குறைய 2,000 ஏக்கர் கடலைத் தூர்த்து எடுப்பது. 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலும் நாள் குறித்த பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டங்கள் எதிர்ப்பின் நடுவே தள்ளிவைக்கப்பட்டன. அந்தக் கூட்டம் எப்போது கூடினாலும் மேடையில் வேலைவாய்ப்பு எண்ணிக்கையும் முதலீட்டுக் கோடிகளும் வாசிக்கப்படும். எதிர்ப்பக்கம் பழவேற்காடு அழிந்துவிடும் என்று முழங்குவார்கள். இரண்டுக்கும் நடுவே கேட்க வேண்டியவை வேறு. மணல் வடக்கே போவதை இன்னும் ஒரு சுவர் மறித்தால், தடுப்புக்கு வடக்கே எத்தனை கி.மீ.க்குச் செயற்கையாக மணல் கொட்டுவீர்கள், எத்தனை வருடத்துக்கு, யார் செலவில்? மிக்ஜாம் அளவு மழையும் கடல் ஏற்றமும் ஒரே நாளில் வந்தால், தூர்க்கப்போகும் நிலத்தில் இன்று நிற்கும் தண்ணீர் எந்த ஊருக்குப் போகும்? இந்த இரண்டுக்கும் வரைபடத்தோடு பதில் வேண்டும். அந்த வரைபடத்தில் கழி இருக்க வேண்டும்.

மூன்றாவது ஒன்று துறைமுகத்துக்காரரிடம் கேட்பது அல்ல, மீன்வளத் துறையிடமும் வருவாய்த் துறையிடமும் கேட்பது. ஆற்றில் கையால் பிடிக்கிறவர்கள் யார், எந்தக் குப்பம், எந்த இடத்தில் இறங்குகிறார்கள், மட்டி எடுப்பவர் யார் என்ற பதிவேடு ஒன்று வேண்டும். பெண்கள் பெயரும் தனியாக அதில் ஏற வேண்டும், கணவர் பெயருக்குக் கீழே அல்ல. அடுத்த எண்ணெயோ வெள்ளமோ வந்த பிறகு கிராம நிர்வாக அலுவலர் வீடு வீடாகக் குறிப்பெடுக்க ஆரம்பித்தால் பழையபடி படகும் சுவரும்தான் கணக்கில் வரும். ஐப்பசி பிறப்பதற்குள் முடித்துவிடக்கூடிய வேலை. அதற்கு உலக வங்கிக் கடன்கூட வேண்டியதில்லை.